தோணிமுனைத் திரிபு

திங்கள்

செயற்கைக்கோளுக்குக் காற்று தெரியாது. இதை முதலில் எழுதி வைக்கிறேன். மாலை வகுப்பில் இத்தனை வாரம் உட்கார்ந்த பிறகும் எனக்கு இது அடிக்கடி மறந்துபோகிறது. மேலே இருந்து அது பார்ப்பது கடலின் தோலை மட்டும். ரேடியோ அலையைக் கீழே அனுப்புகிறது. காற்று சுருக்கம் போட்ட தண்ணீர் அதை ஒரு விதமாகத் திருப்பி அனுப்பும், வழுவழுப்பான தண்ணீர் இன்னொரு விதமாக. திரும்பி வந்ததை வைத்து, அங்கே இவ்வளவு காற்று அடித்திருக்க வேண்டும் என்று நாம்தான் ஊகிக்கிறோம். கசங்கிய சட்டையைப் பார்த்து, போட்டிருந்தவர் பஸ்ஸில் நின்று வந்தாரா உட்கார்ந்து வந்தாரா என்று சொல்வது மாதிரி என்றார் ஷமீமா மிஸ்.

கரையோரத்தில் அந்த ஊகமும் கிடையாது. நிலத்தில் பட்டுத் திரும்பும் அலையும் கடலில் பட்டுத் திரும்பும் அலையும் கலந்துவிடுவதால், கரையை ஒட்டிய பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் படத்தில் வெறும் வெள்ளையாக இருக்கும். எங்கள் தோணிமுனைக்காரர்கள் மீன் பிடிப்பது முழுக்க அந்த வெள்ளைக்குள்தான்.

அந்த வெள்ளையைக் கணக்கு நிரப்புகிறது. எங்கள் ஊரில் ஒவ்வொரு வள்ளத்திலும் ஒரு காற்றுப்பெட்டி உண்டு. அது தன்னைச் சுற்றி அடிக்கும் காற்றை அளந்து காற்று மையத்துக்கு அனுப்பும். வெளிக்கடலில் செயற்கைக்கோள் பார்த்த காற்றையும் உள்ளே பெட்டிகள் அளந்த காற்றையும் பல வருடங்களுக்குப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ‘வெளியே இவ்வளவு என்றால் உள்ளே இவ்வளவு’ என்று கணக்கு கற்றுக்கொள்கிறது. தினமும் விடியும் முன் வெளிக்காற்று தெரிந்துவிடும். உள்காற்றைக் கணக்கு சொல்லும். அது வரம்புக்குக் கீழே இருந்தால் பெட்டியில் பச்சை எரியும். மேலே போனால் சிவப்பு எரியும், கரையில் கிடக்கும் வள்ளத்தின் இன்ஜின் கிளம்பாது.

இதையும் எழுதாவிட்டால் நியாயமில்லை: பெட்டி வருவதற்கு முந்தைய வருடப் புயலில் எங்கள் ஊரில் ஏழு பேர் போனார்கள். அதில் ஒருவர் என் அக்கா புருஷனின் அண்ணன். பெட்டி வந்த பிறகு ஒருவர்கூடப் போகவில்லை.

வகுப்பில் ஆளுக்கொரு கட்டத்தைக் கடல் படத்தில் தேர்ந்து, கணக்கு அங்கே சரியாக இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். சோதிக்கிறவர் என்ன நினைத்தார், எதைச் சந்தேகப்பட்டார் என்று அன்றாடம் எழுத வேண்டும். நான் எங்கள் ஊர்க் கட்டத்தை எடுத்தேன்.

“சொந்த ஊரை எடுக்காத பெர்னதத். உனக்குப் பிடிச்ச பதில்தான் கிடைக்கும்” என்றார் மிஸ்.

அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் எடுத்தேன். காரணம் மையத்தின் அறிவிப்பு. சிவப்பு நாட்கள் வருடா வருடம் கூடி, இந்த வருடம் பாதியைத் தாண்டிவிட்டன. அடுத்த மாத மறுஆய்விலும் அப்படியே வந்தால், தோணிமுனைக் கடல் சிறு வள்ளங்களுக்கு ஏற்றதல்ல என்று நிரந்தரமாக மூடிவிடுவார்கள். ஊரையே உள்நாட்டில் ஒரு மீன் பண்ணைக்கு மாற்றுவார்களாம். அக்கா புருஷன் சிலுவை அத்தான் போய்க் குடியிருப்பைப் பார்த்துவிட்டு வந்தார். தொட்டியில் மீன் வட்டம் வட்டமாகச் சுற்றுகிறது என்று மட்டும் சொன்னார்.

செவ்வாய்

காலையில் சிவப்பு. கடற்கரையில் நின்று பார்த்தேன். பாலாடைபோலக் கிடந்தது கடல். ஆனால் என் கண்ணை நான் நம்ப மாட்டேன். ஐஸ் கம்பெனியில் பில் போடுகிறவள் நான், கடலுக்குப் போனதில்லை.

அத்தான் வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து பெட்டியை முறைத்துக்கொண்டிருந்தார்.

“ஏட்டி பெர்னா, நீ படிக்கிற படிப்புல இதுக்கு ஒரு மருந்து கெடையாதா? காத்தே இல்லாம காத்துன்னு சொல்லுது. இது பொட்டியா, இல்ல ஒங்க அக்காவா?”

அக்கா ரீத்தா கருவாட்டைப் புரட்டிக்கொண்டே, “ரெண்டு பேரும் சொல்றதக் கேட்டாத்தான் ஒமக்கு உசிரு” என்றாள். பிறகு என்னிடம் திரும்பி, “இந்தா பாரு, செவப்பு எரிஞ்சாத்தான் நான் நிம்மதியாச் சோறாக்குவேன். நீ பாட்டுக்கு ஏதாவது கணக்குப் போட்டு அத அணைச்சுப்புடாத” என்றாள்.

“அப்ப பண்ணைக்கே போயிருவோமா?” என்றார் அத்தான்.

 அக்கா அந்தப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே புரட்டிய கருவாட்டையே மீண்டும் புரட்டினாள். 

எங்கள் ஊரின் ஒரு கட்டுப்பாட்டையும் குறிக்க வேண்டும், கணக்குக்குத் தேவைப்படலாம். தூண்டில்காரர்களுக்கும் வலைக்காரர்களுக்கும் ஆகாது. எங்கள் பிறப்புக்கு முந்தைய சண்டை. அதனால் தூண்டில் வள்ளங்கள் விடியலில் போய், கோயிலில் பன்னிரண்டு மணி அடிப்பதற்குள் கரைக்கு வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் வலை வள்ளங்கள் இறங்கும், பொழுது சாயத் திரும்பும். இரண்டு கூட்டமும் கடலில் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை. மீன் அண்டும் கடலடிப் பாறைத் திட்டைப் பார் என்பார்கள். தங்கள் பார் எங்கே என்பதை ஒரு கூட்டம் மற்றக் கூட்டத்துக்குச் செத்தாலும் சொல்லாது. அத்தான் தூண்டில்காரர்.

புதன்

வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு மிஸ்ஸிடம் கேட்டேன். இரண்டு நாளாகக் கேட்கக் கூச்சமாக இருந்தது.

“மிஸ், சிவப்பு நாள்ல வள்ளம் போகாது. வள்ளம் போகலைன்னா பெட்டியும் போகாது. அப்ப சிவப்புன்னு சொன்ன அன்னைக்கு உண்மையில எவ்வளவு காத்து அடிச்சதுன்னு யாருக்குமே தெரியாதில்ல?”

மிஸ் கைப்பையைக் கீழே வைத்தார். “ஒரு கடைக்காரர், கெட்டுப்போயிருக்கும்னு தோணுற முட்டையை எல்லாம் உடைக்காமலே தூக்கி எறியுறார். எறிஞ்சதுல எத்தனை நல்ல முட்டைன்னு அவருக்கு எப்பத் தெரியும்?”

“தெரியவே தெரியாது.”

“தான் தப்பே பண்ணலைன்னுதான் அவர் நினைச்சிட்டிருப்பார்.”

“அப்ப ஒரு சிவப்பு நாள்ல யாராவது துடுப்பு போட்டுப் போய் அளந்தா…”

“யாரை அனுப்புவ?”

அத்தான் நேற்றே சொல்லியிருந்தார், நான் போறேன் என்று. அதை மிஸ்ஸிடம் சொல்லவில்லை. என் சந்தேகம் தவறாக இருந்தால்? ஒரு கேள்வியின் விலை அக்காவின் புருஷனா?

மிஸ் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். “எறிஞ்ச முட்டையை விடு. முதல்ல அவர் நல்லதுன்னு வச்சிருக்கிற முட்டையை உடைச்சுப் பாரு. பச்சை நாள்ல பெட்டியும் இன்னொரு கருவியும் ஒரே காத்தைச் சொல்லுதா? அதுக்கு யாரும் சாக வேண்டாம்.” ஆய்வகத்தில் இருந்த சின்ன கைக்கருவியைக் கொடுத்தார். நான்கு கிண்ணம் சுற்றும், காற்றின் வேகத்தை ‘நாட்’ என்ற கடல் அளவில் எண்ணாகக் காட்டும்.

வெள்ளி

பச்சை. கைக்கருவியை அத்தானிடம் கொடுத்து, அவ்வப்போது பார்த்து எண்ணைப் போனில் பேசிப் பதிவு செய்யச் சொன்னேன். மதியம் ஐஸ் கம்பெனி வாசலில் நின்று கேட்டேன்.

“இப்ப எட்டு. எட்டுன்னா என்ன எட்டு, நாட்டா? சரி, எட்டு நாட்டு… ஏல, சத்தம் போடாத, மச்சினிச்சி கேப்பா… இப்ப ஒம்பது. கலவா மீனு ஒண்ணு, கைநீளம். இது கணக்குல சேருமா பெர்னா?… இப்பவும் ஒம்பதுதான்.”

அதே நேரத்துக்கு அத்தானின் பெட்டி அனுப்பியது பதினைந்து, பதினாறு.

மூன்று முறை ஒப்பிட்டேன். நேரத்தைத் தவறாக எடுத்தேனோ என்று மறுபடி பார்த்தேன். அலகைப் பார்த்தேன். கைக்கருவி பழையது, குறைத்துக் காட்டலாம். எனவே ஆய்வகத்தில் மின்விசிறிக்கு முன்னால் புதுக் கருவியோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றே சொல்லின.

பிறகுதான் பதிவைத் திரும்பக் கேட்டேன், எண்களுக்காக அல்லாமல் மற்றச் சத்தங்களுக்காக. இன்ஜின், தண்ணீர், சிரிப்பு. பெட்டி காற்றை அனுப்பும் ஒவ்வொரு முறையும் சிட்டுக்குருவிபோல ஒரு சத்தம் போடும். ஊரில் குழந்தைகள்கூட அதைப்போலக் கத்தி விளையாடும். பதிவு முழுக்கக் குருவி கத்தவே இல்லை.

சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து கேட்டேன். “அத்தான், பொட்டி வள்ளத்துலதான இருந்துச்சு?”

“பின்ன?”

“கத்தலையே.”

அவர் சோற்றைப் பிசைந்தார். ஏற்கெனவே பிசைந்த சோறு.

“கடல்லதான் இருந்துச்சு” என்றார் கடைசியில்.

சனி

அக்கா வேண்டாம் என்றாள், பிறகு பச்சையை எட்டிப் பார்த்துவிட்டுப் போ என்றாள். முதல் முறையாகக் கடலில் போனேன். வாந்தி எடுத்தேன். அதையும் எழுதுகிறேன், ஏனென்றால் என் கவனம் முழுமையாக இல்லை.

முனைக்கும் மணல்திட்டுக்கும் நடுவே, வள்ளங்கள் வெளியே போகும் குறுகலான வாயில், பழைய விளக்குக் கம்பம் ஒன்று தண்ணீரில் நிற்கிறது. விளக்கு அணைந்து பல காலம். அத்தான் வள்ளத்தை அதன் அடியில் நிறுத்தினார். கூட வந்தவர் பெட்டியைக் கழற்றித் தோளில் மாட்டி, இரும்புப் படியில் ஏறி, உச்சியில் ஒரு கொக்கியில் தொங்கவிட்டார். அங்கே ஏற்கெனவே பத்துப் பதினைந்து பெட்டிகள் வௌவால்போலத் தொங்கிக்கொண்டிருந்தன. எல்லாம் குருவிச் சத்தம் போட்டன. ஒரு மரத்தடியில் நிற்பது மாதிரி இருந்தது.

“கரையிலதான் பூட்டு. இங்க வந்த பொறவு இன்ஜின் பொட்டியத் தேடாது. திரும்பையில எடுத்துக்கிருவோம்” என்றார் அத்தான்.

“எதுக்கு?”

“எடம் தெரிஞ்சிரும்லா.”

“பொட்டி எடத்த அனுப்பாது அத்தான். கட்டத்த மட்டுந்தான் அனுப்பும். எழுதியே குடுத்திருக்காங்க.”

“எழுதிக் குடுத்தா? அத எழுதுனவன் வலைக்காரன் ஒருத்தனுக்குச் சொந்தக்காரனா இருந்தா?”

வாயின் குறுகலில் காற்று பிடித்துத் தள்ளியது. கம்பத்தின் உச்சி மூன்று ஆள் உயரம். உயரே போகப் போகக் காற்று கூடும். கணக்கோ, பெட்டி வள்ளத்தின் கம்பில் இடுப்புயரத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. இத்தனை வருடமும் தோணிமுனைக் கடல் என்று அது கற்றுக்கொண்டது இந்த ஒரு கம்பத்தின் உச்சியை.

எவ்வளவு பெட்டி தொங்கியதோ அவ்வளவு காற்று. எவ்வளவு காற்றோ அவ்வளவு சிவப்பு. யாரும் எங்களைப் பூட்டவில்லை. நாங்களே ஏறிப்போய் மாட்டியிருக்கிறோம்.

திரும்பும் வழியில் அத்தானிடம் இதைச் சொன்னேன். அவர் கரைக்கு வந்து வள்ளத்தை இழுத்துவிட்டு, “அப்ப அந்தச் செவப்பு எல்லாம் நாங்க போட்ட செவப்பா?” என்று கேட்டார்.

திங்கள்

பெட்டியைக் கழற்றினால் ஒரு வருடம் உரிமம் ரத்து. நான் சொன்னால் தூண்டில்காரர்கள் எல்லாருக்கும் அது. சொல்லாவிட்டால் கடலே ரத்து. மிஸ்ஸிடம் கேட்டேன். “கணக்குக்குப் பதில் நான் சொல்வேன். இதுக்கு அவங்கதான் சொல்லணும்” என்றார்.

எனவே வலை பின்னும் கொட்டகையில் இரண்டு கூட்டத்தையும் உட்கார வைத்தேன். வைத்தேன் என்று எழுதுகிறேன். உண்மையில் கூட்டியது அக்கா. வராவிட்டால் வீடு வீடாக வந்து பேசுவேன் என்று சொல்லியிருந்தாள், வந்துவிட்டார்கள். வலைக்காரர்களுக்குத் தஸ்நேவிஸ் அண்ணன் பெரியாள். அவர் வாசலோரமாக, எழுந்து போக வசதியாக உட்கார்ந்தார்.

கம்பத்தைப் பற்றிச் சொன்னேன்.  அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். தஸ்நேவிஸ் அண்ணன் கைகொட்டுவார், சிரிப்பார், தூண்டில்காரர்களால்தான் ஊர் கெட்டது என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது.

“எந்தக் கம்பம்?” என்றார்.

“வாயில இருக்கிற பழைய வெளக்குக் கம்பம்.”

“உச்சியில கொக்கி இருக்குமே…”

அத்தான் நிமிர்ந்தார். “ஒமக்கு எப்படி வே தெரியும்?”

 பின்னால் ஒரு வலைக்காரர், “நீங்களுமா?” என்றார்.

“அந்தக் கொக்கிய நாங்கல்லா அடிச்சோம்!” என்றார் அத்தான்.

“நாங்க துறைமுகத்துக்காரன் அடிச்சதுன்னு நெனச்சு ரெண்டு வருசமாத் தொங்கவிட்டுட்டுக் கெடக்கோம்!”

முதலில் சிரித்தது அக்கா. பிறகு எல்லாரும். தஸ்நேவிஸ் அண்ணன் மட்டும் சிரிக்காமல், “சிரிச்சது போதும். வள்ளத்துல பொட்டிய வச்சா ஒங்க ஆளு எங்க பாரு இருக்கிற எடத்த மையத்துல வெலைக்கு வாங்கிருவான். வைக்க மாட்டோம்” என்றார்.

“ஒம்ம பாருல என்ன கெடக்கு, நண்டு ஓடா?” என்றார் அத்தான். “நாங்களும் வைக்க மாட்டோம்.”

மறுபடி தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம். இப்போது காரணம் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

புதன்

இன்று வகுப்பில் கூச்சமான கேள்விகளைக் கேட்பது எப்படி என்ற பாடம். டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸில் வந்ததுண்டா என்று கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். எனவே ஒவ்வொருவரும் மேசைக்கடியில் காசைச் சுண்ட வேண்டும். தலை விழுந்தால் உண்மையைச் சொல்லலாம். பூ விழுந்தால் உண்மை எதுவானாலும் ‘ஆமாம்’ என்றுதான் சொல்ல வேண்டும். யார் ஆமாம் சொன்னாலும், உண்மையா பூவா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பூ பாதிப்பேருக்கு விழுந்திருக்கும் என்று தெரியுமாகையால், மொத்தத்தில் எத்தனை பேர் டிக்கெட் எடுக்கவில்லை என்று கண்டுபிடித்துவிடலாம். எங்கள் வகுப்பில் மூன்றில் ஒரு பங்கு. யார் என்று தெரியாததால் எல்லாரும் எல்லாரையும் பார்த்துச் சிரித்தோம்.

“பொய் இருந்தா ஆபத்தில்ல. எத்தனை பொய்னு தெரியாம இருந்தாத்தான் ஆபத்து” என்றார் மிஸ்.

பஸ்ஸில் வரும்போது இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். டிக்கெட் எடுத்திருந்தேன்.

வியாழன்

அக்கா முற்றத்தில் அத்தானும் தஸ்நேவிஸ் அண்ணனும் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். நான் சொன்னது இது: பெட்டி வள்ளத்திலேயே இருக்கட்டும். கட்டம் போதாது, வாயில் ஒரு காற்று, பாரில் ஒரு காற்று என்பதால் இடமும் வேண்டும். ஆனால் கிளம்பும் முன் வள்ளக்காரர் கரையில் ஒரு சிப்பியைத் தூக்கிப் போட வேண்டும். மல்லாக்க விழுந்தால் பெட்டி உண்மையான இடத்தை அனுப்பும். குப்புற விழுந்தால் நம் கடலுக்குள் ஏதோ ஓர் இடத்தைப் பொய்யாக அனுப்பும். பெட்டியில் அதற்கு ஒரு விசை வைத்தால் போதும். விசையை எந்தப் பக்கம் தள்ளினார் என்பது அவருக்கு மட்டும் தெரியும். மையத்துக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

“பாதி பொய்யின்னா காத்து எப்படித் தெரியும்?” என்றார் தஸ்நேவிஸ் அண்ணன்.

“பொய்யான எடத்துல சொன்ன காத்து எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி சிதறிக் கெடக்கும் அண்ணே. அதக் கழிச்சிட்டா மிச்சம் உண்மை. ஆனா ஒவ்வொரு வள்ளமா யாராலயும் பிரிக்க முடியாது.”

“சிப்பி பாதிக்குப் பாதியாவா விழும்? ஒரு பக்கம் குழிஞ்சிருக்குல்லா.”

நல்ல கேள்வி. நான் யோசிக்காதது. அவர் முன்னாலேயே சிப்பியைப் போட்டுப் பார்க்கத் தொடங்கினேன். முதலில் நான், கை வலித்த பிறகு அத்தான், பிறகு அவரே. கடைசியில் இருவரும் ஒருவர் போட ஒருவர் எண்ணிக்கொண்டிருந்தார்கள். பத்துக்கு ஆறு தடவை குப்புற விழுகிறது. பாதி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஆறு என்று தெரிந்தால் போதும்.

“யாரு போட்டாலும் ஆறுதான் வருதா?” என்று தஸ்நேவிஸ் அண்ணன் கேட்டார். அத்தான் போட்டதை மட்டும் அவர் இன்னொரு முறை எண்ணினார்.

சனி

மையத்திலிருந்து திரு. வேதமூர்த்தி வந்தார். எங்கள் கரைக்கான கணக்கை எழுதியவர் அவர்தான். மிஸ் அழைத்து வந்தார். இறங்கியதும் கடலைப் பார்த்துக் கும்பிடுவதுபோல நின்றார்.

“இதுதான் தோணிமுனையா! எத்தனை ஊர்ல இதைப் பத்திப் பேசியிருக்கேன் தெரியுமா?” என்றார்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. செயற்கைக்கோள் சொல்லும் வெளிக்காற்றைவிட எங்கள் உள்காற்று எப்போதும் கூடுதலாக இருப்பதைப் பார்த்து, வேறு எந்தக் கரையிலும் இப்படி இல்லையே என்று வியந்து, அதற்குத் ‘தோணிமுனைத் திரிபு’ என்று பெயரே வைத்திருக்கிறார். அதற்காகப் பரிசும் வாங்கியிருக்கிறார்.

நான் கைக்கருவி எண்களையும் பெட்டி எண்களையும் கொடுத்தேன். கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தார். டீ ஆறியது. அத்தான் அடிக்கடி எழுந்து எழுந்து உட்கார்ந்தார்.

“என் பொண்ணு பள்ளிக்கூடத்துல, எங்க அப்பா ஒரு காத்தைக் கண்டுபிடிச்சார்னு சொல்லிட்டு இருக்கா” என்றார் வேதமூர்த்தி. சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு எண்களை மறுபடி பார்த்தார்.

தஸ்நேவிஸ் அண்ணன் தொண்டையைக் கனைத்தார். “சார், பொட்டி எங்க இருந்துச்சுன்னா…”

“பெட்டி எங்க இருந்ததுன்னு நான் கேட்கல” என்றார் வேதமூர்த்தி. “கேட்டா எழுதணும். எவ்வளவு உயரத்துல இருந்ததுன்னு மட்டும் சொல்லுங்க.”

 “மூணு ஆளு ஒசரம்” என்றாள் அக்கா.

அவர் அதைக் குறித்துக்கொண்டார். ‘கருவி உயரத் திருத்தம், தோணிமுனை’ என்று மேலே எழுதினார். அந்த நான்கு சொல்லில் அவருடைய பரிசு போனது. எழுதியது பொய்யும் இல்லை. சிப்பியைப் பற்றிச் சொன்னபோது மட்டும் அவர் முகம் மலர்ந்தது. கையில் வாங்கி, தூக்கிப் போட்டு, பிடிக்கத் தவறி, மணலில் தேடி எடுத்தார். ஊருக்குக் கிளம்பும்போது அதை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

கொஞ்ச நாள் கழித்து

ஒழுங்காக எழுதவில்லை. விசை வைத்த பெட்டிகள் வந்தன. மறுஆய்வு ஒரு பருவம் தள்ளிப்போனது. புதுக் கணக்கு முதல் முறையாக ஓடிய காலையில் பழையதையும் பக்கத்தில் ஓட்டிப் பார்த்தேன். பழையது சிவப்பு என்றது. புதியது பச்சை.

பெட்டியில் பச்சை எரிந்தது. அத்தான் சிப்பியைப் போட்டார், கையால் மறைத்துப் பார்த்தார், விசையைத் தள்ளினார். அக்கா வாசலைத் தாண்டி வந்து கரையில் நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. வள்ளம் வாயைத் தாண்டும் வரை நான் அவளிடம் பேசவில்லை. பேசியிருந்தால் திருப்பிக் கூப்பிடு என்றுதான் சொல்லியிருப்பேன். கருவியை மின்விசிறி முன்னால் சோதித்தேனே, அந்த விசிறி வேகம் குறைவோ? கம்பத்தின் உயரத்தை அளந்தோமா, அக்கா சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டோமா? அன்றைக்கு ஐஸ் கம்பெனியில் ஒருவருக்கு இரண்டு முறை பில் போட்டேன்.

பன்னிரண்டு மணி அடிப்பதற்கு முன் எல்லா வள்ளமும் வந்துவிட்டது. அத்தான் ஒரு விளமீனைத் தூக்கி அக்காவின் முன்னால் போட்டு, “சோறாக்கிட்டியா?” என்றார். அவள் ஆக்கியிருக்கவில்லை.

ஆனால் நான் நம்பத் தொடங்கியது அன்றைக்கு அல்ல. கார்த்திகை பிறந்த பிறகு ஒரு விடியலில், கடல் பாலாடைபோலவே கிடக்கையில், பெட்டியில் சிவப்பு எரிந்தது. முன்பென்றால் கரையில் வசவு கேட்கும். அத்தான் பெட்டியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

“இப்ப இது நம்ம போட்ட செவப்பில்ல. உள்ளதாத்தான் இருக்கும்” என்றார்.

மதியத்துக்குள் வாடைக்காற்று ஐஸ் கம்பெனியின் கூரைத் தகரத்தைப் பிடுங்கிக் கோயில் மதிலில் ஒட்டவைத்தது. கடலில் எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் இல்லை. அக்கா கதவைச் சாத்திவிட்டு உள்ளே சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு

ஊர் கலையவில்லை. மறுஆய்வு முடிந்துவிட்டது. கடல் திறந்தே இருக்கும். மிஸ் என் சோதனைக்கு நல்ல மதிப்பெண் போட்டு, ஓரத்தில் ‘சொந்த ஊரை எடுத்தது பரவாயில்லை’ என்று எழுதியிருந்தார்.

ஒரு வேலை மிச்சம் இருந்தது. பருவம் முழுக்க வந்த இடங்களிலிருந்து சிப்பியின் பொய்களைக் கழித்து, காற்று அளந்த வள்ளங்கள் மொத்தத்தில் எங்கெங்கே நின்றன என்று ஒரு படம் வரைய வேண்டும். காலைக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று. யாருடைய வள்ளம் என்று எதிலும் தெரியாது, கூட்டமாகத்தான் தெரியும்.

காலைப் படத்தில் ஒரு மேடு வந்தது. தூண்டில்காரர்களின் பார். மதியப் படத்தை வரைந்தேன். தவறுதலாகக் காலைப் படத்தையே மறுபடி வரைந்துவிட்டேன் என்று நினைத்து, அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். அதே மேடு, அதே இடம். தலைமுறை தலைமுறையாக, மணிக்கு முன்னால் ஒரு கூட்டமும் மணிக்குப் பின்னால் ஒரு கூட்டமுமாக, அதே பாருக்குத்தான் போய்வருகிறார்கள்.

பூசை முடிந்து வரும் வழியில் அத்தான் என்னைத் தனியாக நிறுத்தினார்.

“ஏட்டி, படம் வரையப் போறேன்னியே… நம்ம பாரு அதுல தெரியுதா?”

“தெரியல அத்தான்.”

“சத்தியமா?”

“பொய்யெல்லாம் கலந்து கெடக்குல்லா. எப்படித் தெரியும்?”

அவர் நிம்மதியாகச் சிரித்துவிட்டுப் போனார். கொஞ்ச தூரத்தில் தஸ்நேவிஸ் அண்ணன் சைக்கிளை உருட்டிக்கொண்டு எனக்காகவே காத்திருந்தார். அவரும் அதைத்தான் கேட்டார். அவருக்கும் அதையேதான் சொன்னேன்.

இன்று சொன்ன பொய் இரண்டு. எண்ணிக்கை தெரியும், குறித்துக்கொண்டேன்.